உட்காரச் சொல்லச் சொல்ல எழுந்து நிற்கும் வகுப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் முப்பது பிள்ளைகள். பாதிப் பேர் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போகிறது. பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் வெண்பலகையில் எழுதுகிறான். நாள்தோறும் அதே ஐந்து பெயர்கள்தாம் வருகின்றன. நட்சத்திர ஒட்டிகள் கொடுத்துப் பார்த்தேன்; சில வாரங்களில் அந்த ஆசையும் தீர்ந்துவிட்டது. பிரம்பை மேசைமேல் வைத்தாலே போதும் என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். "நாலு போடு போடுங்க டீச்சர், நான் ஒன்னும் கேக்க மாட்டேன்" என்கிறார் ஒரு தாய். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்பு வழி ஒத்துவராது என்று எல்லாரும் சொல்லும்போது எனக்கும் ஐயம் வருகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தோட்டத்துப் பிள்ளைக்கு அடிதான் ஒத்துவரும் என்ற பேச்சை முதலில் தள்ளிவிடுங்கள். பால்மரக் காட்டில் கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி வாழ்ந்த தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள்தாம் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அச்சத்தைப் பள்ளிக்கூடமும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சட்டமும் பிரம்பை வகுப்பாசிரியரின் கையில் கொடுக்கவில்லை. நம் மலேசியாவில் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி பிரம்பைப் பயன்படுத்தும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் அளித்த ஆசிரியருக்கும் மட்டுமே உண்டு. பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது.

ஆனால் நீங்கள் பிரம்பை எடுக்கவில்லை. உங்கள் சிக்கல் குரல். அமெரிக்காவில் 1968இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளைகள் இடத்தைவிட்டு எழுந்து அலைகிறார்கள் என்பதால், "உட்கார்" என்று ஆசிரியர்களை வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாகச் சொல்லவைத்தார்கள். அலைச்சல் கூடியது. பிறகு, உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டச் சொன்னார்கள், அலைச்சல் குறைந்தது. அதட்டல் அந்தக் கணத்தில் பலிப்பதுபோல் தோன்றுவதால்தான் நாம் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறோம். சொன்னவுடன் பிள்ளை உட்கார்ந்துவிடுகிறான். ஆனால் எழுந்து நின்றால் டீச்சர் நம்மைப் பார்ப்பார் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். வெண்பலகையில் எழுதப்படும் அந்த ஐந்து பெயர்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு நாளில் வகுப்பு முழுவதும் அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு பட்டியலால்தான் என்றால், அதில் இடம்பிடிக்க அவர்கள் ஏன் தயங்கப்போகிறார்கள்? பட்டியலை நாளையே அழித்துவிடுங்கள். சக பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கும் வேலையிலிருந்து வகுப்புத் தலைவனுக்கும் விடுதலை கிடைக்கட்டும்.

பாராட்டு என்றால் "கெட்டிக்காரன்", "வெரிகுட்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதன்று. "எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடி ஓரத்தில் வைத்துவிட்டாயே, அதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று செய்த காரியத்தைப் பெயர் சொல்லிக் காட்டினால்தான், எதைத் திரும்பச் செய்வது என்று அந்தப் பிள்ளைக்கும் பக்கத்துப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த ஐவரும் நல்லபடி இருக்கும் நிமிடங்கள் நாளுக்குச் சிலவாவது இருக்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் பணியிலேயே கடினமான பகுதி. கண்டிக்க வேண்டியபோது கண்டியுங்கள். ஆனால் மேசை அருகில் போய்க் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடிதடி, பிறருக்குத் துன்பம் என்றால் மட்டும் காத்திராமல் உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரைச்சல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். கீழ்நிலை வகுப்புகளில் நான் பார்த்த அளவில், அது பாடத்தின் நடுவில் தொடங்குவது குறைவு. பென்சில் சீவக் குப்பைத்தொட்டியருகே ஒருவன் போவான்; அவன் பின்னால் இருவர் போவார்கள்; சீவுகோல் யாருடையது என்ற வழக்கு எழும்; ஒருவன் தள்ள, மற்றவன் அழ, முப்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் போய்விடும். இதற்குக் கட்டொழுங்கு நடவடிக்கை எதுவும் தேவையில்லை. சீவிய பென்சில்களை ஒரு மைலோ டின்னில் போட்டு மேசைமேல் வையுங்கள்; மொக்கைப் பென்சிலைப் போட்டுவிட்டுக் கூரானதை எடுத்துக்கொள்ளட்டும். புத்தகத்தை ஆசிரியரிடம் ஒப்படைப்பது, வரிசையில் சிற்றுண்டிச்சாலைக்குப் போவது ஆகியவற்றையும் வாய்ப்பாடு கற்பிப்பதைப்போலவே கற்பியுங்கள்: செய்துகாட்டி, செய்யவைத்து, மறந்தால் திட்டாமல் மறுபடி செய்யவைத்து. விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் மட்டும் பிள்ளைக்குப் பழக்கம் வந்துவிடாது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வும் 2021இல் நீக்கப்பட்டுவிட்ட நிலையில், இரண்டாம் ஆண்டில் இதற்கெல்லாம் நேரமில்லை என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

ஒட்டிகளை அறவே விலக்கச் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை இதுவரை செய்யாத ஒன்றைத் தொடங்கிவைக்க அவை உதவும். பழக்கம் வந்ததும் மெல்லக் குறைத்துவிட வேண்டும். விரும்பிச் செய்வதற்குக் கூலி பேசினால் கேடு விளையும். 1973இல் வெளியான ஆய்வொன்றில், படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே வாக்களித்தார்கள். பின்னர் சும்மா விட்டபோது அவர்களின் ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை.

விடியுமுன் எழுப்பப்பட்டு, வேனில் தூங்கி விழுந்து, வெறும் தேநீரோடு வந்து சேரும் பிள்ளை, ஓய்வு நேரத்துக்கு முந்தைய பாடவேளையில் நிலைகொள்ளாமல் இருந்தால் அதை அடங்காமை என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளியின் கூடுதல் உணவுத் திட்டத்தில் அவன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வேளையில் எழுத்து வேலையைக் குறைத்து, எழுந்து நின்று பாடவோ நடிக்கவோ வையுங்கள்.

அந்தத் தாயைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார்தான் என்று பழகிப்போனவர் அவர். பிள்ளை கெட்டுவிடக் கூடாதே என்ற தவிப்பில் தன்னிடம் இருக்கும் ஒரே வழியை உங்களிடம் ஒப்படைக்கிறார். இந்த வாரம் அவன் செய்த ஒரு நல்ல காரியத்தைக் குறித்துவைத்து, வேலைநேரம் முடிந்தபின் அவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடிப்பதைப் பற்றிய பேச்சை அதற்கு அடுத்த அழைப்பில் வைத்துக்கொள்ளலாம்.