பழைய இத்தாலிய அக்கார்டியன்: கேட்டதும் சொன்னதும்

மேசையில் பிரித்துப் போட்ட என் 120 பேஸ் (அதாவது இடது கைக்கு 120 பட்டன் உள்ள) அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டியின் படத்தைப் பார்த்து ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். இத்தாலியில் காஸ்டெல்ஃபிடார்டோவில் செய்தது. 1860களில் அக்கார்டியன் செய்த பவுலோ சோப்ரானி பட்டறை போட்ட அதே ஊர்.

உள்ளே இத்தனை ரீட் எதற்கு?

ரீட் என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய நாக்கு; ஒரு ரீட் ஒரு பக்கக் காற்றுக்குத்தான் பேசும். அதனால் ஒவ்வொரு தகட்டிலும் இழுக்க ஒன்று, அமுக்க ஒன்று என்று இரண்டு எஃகு நாக்குகள். வலது பக்கம் 41 கட்டை, கட்டைக்கு நான்கு குரல் (சேர்ந்து ஒலிக்கும் ரீட் வரிசைகள்), அதை இரண்டால் பெருக்கினால் 328. இடது பக்கம் 12 சுரத்துக்கு ஐந்து குரல் வீதம், அதையும் இரண்டால் பெருக்கினால் 120. ஆக 448.

120 பட்டனுக்கு வெறும் 12 சுரமா?

ஆமாம், அதுதான் அழகே. ஸ்ட்ராடெல்லா என்ற ஊர்ப் பெயரில் வழங்கும் அமைப்பு இது: முதல் இரண்டு வரிசை தனிச் சுரம், மற்ற நான்கும் மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட் கார்டுகள், அதாவது பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகள். சி மேஜரை அமுக்கினால் ஒரு கம்பி மூன்று தண்டுகளைத் தள்ளி சி, ஈ, ஜி மூடிகளைத் திறக்கும். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், கம்பிக் காடு! ஒன்று லேசாக வளைந்தாலும் சம்பந்தமில்லாத சுரம் கூடவே அழும்.

சில கட்டைகள் இழுத்தால் மட்டும் பேசுகின்றன, கரகரப்பும் இருக்கிறது.

தகட்டில் ஒட்டியிருக்கும் தோல் பட்டை சுருண்டிருக்கும், இல்லையென்றால் மெழுகு போயிருக்கும். தேன்மெழுகோடு பைன் பிசின் சேர்த்துத்தான் தகடுகளை மரக்கட்டையில் ஒட்டுவார்கள், பல வருஷத்தில் அது காய்ந்து வெடிக்கும். நகத்தால் தகட்டை மெதுவாகத் தள்ளுங்கள், அசைந்தால் முழுவதையும் மறுபடி மெழுக வேண்டியதுதான். நான் ஆரம்பத்தில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிவிட்டு, வெயில் வந்ததும் தகடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று உள்ளே கலகலவென்று உருண்டதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரே கட்டையில் இரண்டு ரீட் கொஞ்சம் விலகி ஒலிக்கிறது, சரிசெய்யவா?

தொடாதீர்கள்! பெரும்பாலும் அது வேண்டுமென்றே வைத்தது. ஒன்று நொடிக்கு 440 அதிர்வு, இன்னொன்று 443 என்றால் ஒலி நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும், அந்த நடுக்கத்துக்குப் பெயர்தான் மியூசெட். ஸ்ருதி பார்க்கும் ஆப்பை வைத்து இரண்டையும் ஒன்றாக்கினால் பெட்டியின் குரலே செத்துவிடும்.

மேலே பளபளப்பு உரிந்தால் சூடு காட்டி ஒட்டலாமா?

அது செல்லுலாய்ட். சட்டென்று தீப்பிடிக்கும். வேண்டாம்.

வாங்கும்போது என்ன பார்க்க?

வாரை அவிழ்த்து, எந்தக் கட்டையையும் தொடாமல் வலது பக்கத்தைத் தூக்கிப் பிடியுங்கள். பேஸ் பக்கம் தன் எடைக்கு மெல்ல இறங்க வேண்டும், தொபுக்கென்று விழுந்தால் எங்கோ காற்று ஓடுகிறது. அப்புறம் துருத்தி மடிப்பில் மூக்கை வைத்து முகருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் விலைகூடக் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.