முட்டை எடுக்கும் நாள்: சிஸ்டர் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்கு வந்தவளுக்கு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதியிருக்கிறார். சீட்டைப் பார்த்துவிட்டு மாமியார் ஒரே சண்டை!

பதில்: மாத்திரை சரிதான், மாமியாரைச் சமாதானப்படுத்துங்கள். மாத்திரையை நிறுத்திய சில நாளில் பீரியட்ஸ் வரும். அதை வைத்து, முட்டையை வளர்க்கும் ஊசி தொடங்கும் தேதியை முன்கூட்டியே குறித்துவிடலாம். எல்லோருக்கும் இது தேவைப்படாது.

கேள்வி: அக்காவுக்கு 9 நாள் ஊசியோடு முடிந்தது. எனக்கு 11 நாள் ஆகியும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பதில்: 8 முதல் 12 நாள் வரை சகஜம். ஸ்கேனில் இரண்டு மூன்று ஃபாலிக்கிளாவது (முட்டை வளரும் நீர்ப்பை) 17, 18 மில்லிமீட்டரைத் தொடவேண்டும். அவசரப்பட்டால் கிடைப்பது பிஞ்சு முட்டைதான்.

கேள்வி: முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் ட்ரிகர் ஊசியை இரவு 10.30க்குப் போடச் சொன்னார்கள். 9 மணிக்கே போட்டுவிட்டுத் தூங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மற்ற ஊசிகளில் அரைமணி முன்னே பின்னே ஆனால் நான் கண்டுகொள்ள மாட்டேன். இதில் மட்டும் கறார். ட்ரிகர் போட்டு சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்போம். செவ்வாய் இரவு 10.30 என்றால் வியாழன் காலை 10.30. ஆபரேஷன் தியேட்டர் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஊசி நேரத்தைக் குறித்தோம். ரொம்ப முந்திப் போட்டால், நாங்கள் எடுக்கும் முன்பே முட்டை வெளியேறிவிடலாம். பிந்தினால் முழுதாக முதிர்ந்திருக்காது. அப்படியே நேரம் தவறினாலும் மறைக்காதீர்கள், உடனே போன் செய்யுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்றப் பார்க்கலாம். அப்புறம், தூள் குப்பியில் மருந்து நீரை விட்டதும் குலுக்க வேண்டாம். உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள், தெளிந்துவிடும்.

கேள்வி: எனக்குப் பிசிஓடி (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை). தோழிக்கு ஹெச்சிஜி ட்ரிகர், எனக்கு மட்டும் ஏன் லூப்ரோலைடு?

பதில்: பிசிஓடியில் ஃபாலிக்கிள் நிறைய வளரும். அப்போது ஹெச்சிஜி போட்டால் சூலகம் வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். லூப்ரோலைடு அதை வெகுவாகக் குறைக்கும். பெரும்பாலும் கருவை உறையவைத்துப் பிறகுதான் கருப்பையில் வைப்பார்கள்.

கேள்வி: கணவர் துபாயில். எடுக்கும் நாளுக்கு டிக்கெட் போடலாமா?

பதில்: டிக்கெட்டை நம்பாதீர்கள். கடைசி ஸ்கேன் பார்க்கும் வரை தேதி எங்களுக்கே தெரியாது. அடுத்த விடுமுறையில் வரும்போதே விந்தணுவை உறையவைத்துவிட்டு, ஒப்புதல் படிவங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.