கப்பல் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் நாகர்கோவில் பக்கம். கீபோர்டு வாசிக்கிறேன், டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். போன வருடம் ஓர் ஏஜென்ட் மூலமாகக் கரீபியன் பக்கம் ஓடும் சொகுசுக் கப்பலில் ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்தது. லவுஞ்ச் பேண்டில் வாசித்தேன், மாதம் 1,700 டாலர். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க 1.8 லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கினேன். வட்டி மட்டும் கட்டி வருகிறேன், அசல் அப்படியே நிற்கிறது. கப்பலில் இருக்கும்போது அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) கடையைப் பெரிதாக்க 3 லட்சம் கேட்டார், கொடுத்தேன். வீட்டு மாடி ஒழுகியதைச் சரிசெய்ய 2 லட்சம் ஆனது. வீட்டுச் செலவு மாதம் 25,000. இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த ஒப்பந்தம் வரவில்லை, கையில் காசும் இல்லை. இப்போது வேறோர் ஏஜென்ட், 2.5 லட்சம் கட்டினால் பெரிய கப்பலில் ஆர்கெஸ்ட்ரா பியானோ இடம், மாதம் 2,600 டாலர், கேரண்டி என்கிறார். அம்மாவிடம் 12 பவுன் இருக்கிறது. அடகு வைக்கலாமா? நான் என்.ஆர்.ஐ. என்பதால் மாதம் 10,000 கட்டும் யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் கலந்த) பாலிசி எடுக்கச் சொல்லி ஒருவர் விடாமல் துரத்துகிறார். அத்தான் இன்னும் 2 லட்சம் கேட்கிறார்.

பதில்: தம்பி, நகையை அடகு வைக்கலாம். ஆனால் அந்த ஏஜென்ட்டுக்காக வைக்காதீர்கள். எதற்காக வைப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம் என்று உங்களுக்குத் தெரியும். சேமிப்பு ஏன் வேண்டும் என்றும் தெரியும். அதையெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏஜென்ட், அத்தான், பாலிசி என்று மூன்று பிரச்சினைகள் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது ஒரே பழக்கம்தான்: ஏறாத கப்பலின் சம்பளத்தை இன்றைக்கே செலவு செய்கிறீர்கள். முதல் கப்பலுக்கு முன்பே கடன். அந்தக் கடன் அடையும் முன்பே அத்தானுக்குப் பணம். இப்போது இரண்டாவது கப்பலை நம்பி நகை.

இது எங்கிருந்து வருகிறது என்றால், 1,700 டாலர் என்ற எண்ணிலிருந்து. டாலருக்குத் தோராயமாக 85 ரூபாய் போட்டால் 1,44,500. வீட்டிலும் தெருவிலும் சர்ச்சிலும் உங்கள் சம்பளம் அதுதான். அத்தான் கேட்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். ஆனால் அந்தச் சம்பளம் வந்தது ஆறு மாதம். மொத்தம் 10,200 டாலர், அதாவது 8.67 லட்சம். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்தான். ஆனாலும் இணையம், துறைமுகத்தில் இறங்கினால் ஆகும் செலவு, வீட்டுக்குப் பணம் அனுப்பும் கட்டணம் என்று மாதம் 200 டாலராவது கழியும். மிஞ்சுவது ஏறக்குறைய 7.65 லட்சம். இதைப் பன்னிரண்டால் வகுத்தால் 63,750 ரூபாய்.

அதுதான் உங்கள் மாதச் சம்பளம். அடுத்த ஒப்பந்தம் தள்ளிப்போனால் அதுவும் குறையும்.

போன பணம் எங்கே போனது என்று பார்ப்போம். அத்தானுக்கு 3 லட்சம், மாடிக்கு 2 லட்சம், நீங்கள் கப்பலில் இருந்த ஆறு மாத வீட்டுச் செலவு 1.5 லட்சம், அன்றிலிருந்து இன்றுவரை கட்டிய வட்டி 40,000. கூட்டினால் 6.9 லட்சம். மீதி 75,000, இறங்கிய பின் மூன்று மாதச் சாப்பாடு. இந்தச் செலவுகளில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. 63,000 சம்பளக்காரர் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் சம்பளக்காரர் போலக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, ஏஜென்ட். முதல் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த 1.8 லட்சமே நீங்கள் கொடுத்திருக்க வேண்டிய பணம் இல்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015இல் அதை ஏற்றது. அதன்படி, கப்பலில் வேலை பிடித்துத் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடியின் பணிப் பதிவேடான சி.டி.சி. புத்தகம் போன்றவற்றின் செலவு உங்களுடையது. விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. ஆறு மாதம் கப்பலிலேயே தங்கி வாசிக்கிற நீங்களும் இந்தக் கணக்கில் கடலோடிதான். இங்கே ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு மும்பையில் உள்ள, மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணை வாங்கி, அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் ‘நம்ம பழக்கத்துக்கு அதெல்லாம் எதுக்கு’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எண் இருந்து பணமும் கேட்டால் அது புகாருக்குரிய விஷயம். முதல் ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்பிய பதிவுகளையும் எடுத்துவைத்துப் புகார் கொடுத்துப் பாருங்கள். ஆனால் அந்தப் பணம் திரும்பி வரும் என்று எந்தச் செலவையும் திட்டமிட வேண்டாம்.

கணக்காகப் பார்த்தால் 2,600 டாலர் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் மிஞ்சும், 2.5 லட்சம் போனால் என்ன என்று தோன்றும். அப்படித் தோன்றுவதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. ஆனால் அந்த இடம் என்ன இடம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லவுஞ்ச் பேண்டில் கைவசம் இருக்கும் இருநூறு பாட்டை வைத்து ஓட்டிவிடலாம். கப்பல் ஆர்கெஸ்ட்ராவில் அது நடக்காது. விருந்தினர் பாடகர் ஒருவர் துறைமுகத்தில் ஏறுவார், மதியம் ஒரே ஒரு ஒத்திகை, கையில் நோட்ஸ் எழுதிய சார்ட்டைக் கொடுப்பார், இரவு மேடை. காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக் ஓடும். பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். இந்த இடத்துக்கு ஆள் எடுப்பவர் முன்பின் பார்க்காத நோட்ஸைக் கொடுத்து வாசிக்கச் சொல்லித்தான் எடுப்பார். உங்கள் ஆடிஷன் பற்றி அந்த ஏஜென்ட் ஒரு வார்த்தையாவது பேசினாரா? கடிதத்தில் இல்லை. சைட் ரீடிங் உங்களுக்கு வருமானால் 2.5 லட்சம் கொடுக்கத் தேவையில்லை. வராது என்றால் கொடுத்தும் பயனில்லை, முதல் ஒத்திகையிலேயே வெளிச்சமாகிவிடும். சரிப்படாத ஆளை அடுத்தடுத்த துறைமுகத்தில் இறக்கி அனுப்புவதும் உண்டு. நகை மட்டும் அடகுக் கடையிலேயே இருக்கும்.

வேலை தேடும் வழி இதைவிட மலிவானது, கொஞ்சம் சலிப்பானதும்கூட. ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்கள் இசைக்கலைஞர்களிடமிருந்து நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. கேட்பது வெட்டி ஒட்டாத வீடியோ, பாட்டுப் பட்டியல், எந்தத் தேதியிலிருந்து ஏற முடியும் என்ற தகவல். சென்னையிலிருந்து 2022 முதல் ஓடிய கோர்டிலியா மாதிரி இந்தியப் பயணிகளை ஏற்றும் கப்பல்களில் இந்தி, தமிழ்ப் பாட்டு தெரிந்த கீபோர்டுக்காரருக்கு வேறு மதிப்பு உண்டு. டாலர் கணக்கு மட்டும் பார்த்து அதை ஒதுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், போன தடவை வாசித்த அதே நிறுவனத்துக்கு நீங்களே எழுதினீர்களா? ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று ஐந்து மாதம் காத்திருந்த மாதிரித் தெரிகிறது. ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போது மேலாளர் உங்களைப் பற்றி எழுதும் மதிப்பீடுதான் அடுத்த கப்பலுக்குச் சீட்டு. அது நன்றாக இருந்தால், ஆள் போடும் மேசைக்கு மாதம் ஒரு மின்னஞ்சல், தேதியோடு. யாரோ ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், பத்து நாளில் மாற்று ஆள் வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் திறமையைவிடக் காகிதம் முக்கியம். மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு வருடம்தான் செல்லும். தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பலென்றால் சி1/டி விசா. இவை எல்லாம் காலாவதியாகாமல் வைத்திருக்கிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள். கடன் வாங்காமல் கைக்காசில் செலவு செய்ய ஏதாவது உண்டென்றால் இதற்குச் செய்யுங்கள்.

அதுவரை? கப்பல் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம். கடல்பணியில் இருக்கும் பலரும் செய்வது இது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, தவக்காலத்தில் சர்ச் கல்யாணமும் கிடையாது, அந்த மாதங்களில் கச்சேரியை நம்ப முடியாது. பத்துப் பிள்ளைகளுக்கு கிரேடு பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தால் வீட்டுச் செலவில் பாதியாவது தேறும். கப்பல் ஏறும்போது நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

இந்தத் தொழில் எவ்வளவு சட்டென்று நிற்கும் என்பதை 2020 மார்ச்சில் பார்த்தோம். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து சொகுசுக் கப்பல்கள் மறுபடி பயணிகளோடு கிளம்ப 2021 ஜூன் ஆனது. ஏறக்குறைய பதினைந்து மாதம். அப்போது ஊர் திரும்பிய இசைக்கலைஞர்களுக்கு பி.எஃப். கிடையாது, நோட்டீஸ் சம்பளமும் பெரிதாகக் கிடையாது. அதனால் அடுத்த ஒப்பந்தப் பணத்தில் ஆறு மாத வீட்டுச் செலவு, 1.5 லட்சம், சாதாரண வங்கி டெபாசிட்டில் போய்விட வேண்டும். அதைப் பற்றி அத்தானுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அத்தான் விஷயம். 3 லட்சத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று சொன்னால் அக்கா வாழ்க்கையில் பிரச்சினை வருமே என்பீர்கள். சரி, கேட்க வேண்டாம். புதிதாக 2 லட்சம் கொடுக்கவும் வேண்டாம். பழைய சம்பளத்திலேயே இன்னொரு ஆறு மாதம் கிடைத்தது என்று வையுங்கள். கையில் மிஞ்சும் 7.65 லட்சத்தில் கடன் அசல் 1.8 லட்சம், கையிருப்பு 1.5 லட்சம், ஒரு வருட வீட்டுச் செலவு 3 லட்சம். மீதி 1.35 லட்சம், வட்டியையும் கழித்தால் ஒரு லட்சத்துச் சொச்சம். இதில் 2 லட்சம் எங்கே இருக்கிறது? இந்தத் தாளை எழுதி அவரிடமே காட்டுங்கள். கடை ஓடுகிறதென்றால் மாதம் 5,000 வீதம் உங்கள் அம்மா கணக்கில் போடச் சொல்லுங்கள். கடன் திருப்புவதாகக் கருத வேண்டாம், மாமியாருக்கு உதவி என்று நினைத்துக்கொள்ளட்டும். ஓடவில்லை என்றால், ஓடாத கடைக்கு இன்னும் 2 லட்சம் எதற்கு?

யூலிப் ஆசாமிக்கு ஒரே பதில். நீங்கள் என்.ஆர்.ஐ.யே இல்லாமல் இருக்கலாம். வருமான வரிக் கணக்குப்படி ஒரு நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் இருந்த நாள் 182-க்குக் குறைய வேண்டும். ஆறு மாத ஒப்பந்தம் மார்ச்சைத் தாண்டி இரண்டு நிதியாண்டுகளில் பிரிந்துவிட்டால் இரண்டிலுமே உள்நாட்டவர்தான், கப்பல் சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் பெரும்பாலும் வரி விழாது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். சி.டி.சி. புத்தகத்தில் ஏறிய தேதி, இறங்கிய தேதி பக்கங்களோடு ஆடிட்டரைப் பாருங்கள். பாலிசி விற்பவரிடம் இதைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் சம்பளம் வருகிற ஆள் பன்னிரண்டு மாதம் பிரீமியம் கட்டுகிற பொருளை, அதுவும் ஐந்து வருடம் எடுக்க முடியாத பொருளை, எதற்கு வாங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. காப்பீடு வேண்டுமென்றால் முதலீடு கலக்காத, உயிருக்கு மட்டுமான ஒரு டேர்ம் பாலிசி, அம்மாவுக்கும் உங்களுக்கும் மருத்துவக் காப்பீடு. கப்பல் நிறுவனத்தின் மருத்துவப் பொறுப்பை ஒப்பந்தம் முடிந்த பிறகும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இனி நகை. இரண்டு வட்டிக்கு 1.8 லட்சம் என்றால் வருடத்துக்கு 43,200 போகிறது. அதே தொகைக்கு வங்கியில் நகைக்கடன் பத்து சதவீதம் என்று வைத்தால் 18,000. வித்தியாசம் 25,200, கிட்டத்தட்ட உங்கள் ஒரு மாத வீட்டுச் செலவு. இன்றைய தங்க விலைக்கு நாலு பவுனே போதும், 12 பவுனையும் எடுத்துப் போகாதீர்கள். பணத்தை வாங்கிய கையோடு வட்டிக்காரரிடம் கொடுத்து, நீங்கள் எழுதிக்கொடுத்த பத்திரத்தையும் வெற்றுக் காசோலை ஏதாவது இருந்தால் அதையும் திரும்ப வாங்குங்கள். இதுவரை கட்டிய 3,600 வட்டியை மாதாமாதம் அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். வட்டி போக அசலும் கொஞ்சம் கரையும். நகை அம்மாவுடையது, அதனால் வங்கிக்கு அவரையும் கூட்டிப் போங்கள். கடன் எதற்கு, எப்போது மீட்போம் என்று போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். அடகு ரசீது அவர் பீரோவில் இருக்கட்டும்.