நீலமா, மஞ்சளா, இளஞ்சிவப்பா? – வாசகர் கேள்வி பதில்

மகளின் கல்யாண மோதிரத்துக்காக போஜோக் மார்க்கெட்டில் கல் பார்த்தோம். ஒரே அளவில் நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மூன்றைக் காட்டி, எல்லாமே சஃபையர்தான் என்கிறார் கடைக்காரர். விலையோ மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எது உசத்தி?
– வாசகி, யாங்கோன்

கடைக்காரர் சொன்னது உண்மைதான் அம்மா. மூன்றும் குருந்தக்கல் (கொரண்டம்) என்ற ஒரே கனிமம். பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் கடினம் மூன்றுக்கும் 9, ஆகவே தினசரி அணிய எதுவும் எதற்கும் குறைந்ததில்லை. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். பெரும்பாலும் இரும்பினால் மஞ்சள். குரோமியம் கொஞ்சம் இருந்தால் இளஞ்சிவப்பு, அதுவே மிகுந்தால் கெம்பு, அதாவது மாணிக்கம்.

நீலத்துக்குக் கிராக்கி அதிகம், அதனால் விலையும் அதிகம். அதற்காக எந்த நீலமும் உசத்தியாகிவிடாது. கருத்துப்போன நீலத்தைவிடத் துலக்கமான இளஞ்சிவப்பு எவ்வளவோ மேல் என்பதே எங்கள் கருத்து.

கடை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சள் பல்பின் கீழே மஞ்சள் கல்லும் இளஞ்சிவப்புக் கல்லும் உள்ளதைவிட அழுத்தமாகத் தெரியும். அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலத்துக்கு இது தலைகீழ். பகலில் அழகாக இருந்த கல் மஞ்சள் பல்பின் கீழே மைபோலக் கறுத்தால், கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து, கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். உடம்பெல்லாம் வெளுத்து, கூர்முனையில் மட்டும் நீலம் திட்டாக நிற்கலாம். பட்டை தீட்டுபவர் அந்தத் திட்டை அடியில் வைத்தால், மேலிருந்து பார்க்கும்போது கல் முழுக்க நீலமாகத் தெரியும். இது மோசடியல்ல, ஆனால் முழுக்க நிறம் பரவிய கல்லின் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. நிமிர்த்தி அச்செழுத்தின் மேல் பிடித்தால் நடுவில் எழுத்து தெரிகிறதா? அடிப்பாகம் ஆழம் போதாமல் வெளிச்சம் ஒழுகிப்போகிறது. அந்த இடத்தில் நிறமும் மங்கும்.

மஞ்சளில் உள்ளே இருக்கும் கீறலும் புள்ளியும் சட்டென்று கண்ணில் படும். ஆகவே நீலத்தில் பொறுத்துக்கொள்கிற குறையை அதில் பொறுக்க வேண்டாம். இளஞ்சிவப்பில் வேறொரு சிக்கல். அழுத்தமான இளஞ்சிவப்பு எங்கே முடிகிறது, கெம்பு எங்கே தொடங்குகிறது என்பதில் ஆய்வகங்களே ஒத்துப்போவதில்லை. கெம்புக்குப் பேர்போன மோகோக் ஊரின் கல் என்று சொல்லிக் கெம்பு விலை கேட்டால், ஆய்வக அறிக்கையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

புஷ்பராகம் என்று மலிவாக ஒரு மஞ்சள் கல் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், மோல்மேன்

புஷ்பராகம் என்பது மஞ்சள் சஃபையர். முதலில் அந்தக் கல் குருந்தம்தானா என்று பாருங்கள். வேறு வகைக் கல்லான மஞ்சள் டோபாஸும் அதே பெயரில்தான் விலைபோகிறது. மோதிரத்தில் பதிக்காத கல்லாக இருந்தால் தராசே சொல்லிவிடும். காற்றில் நிறுங்கள், பிறகு தண்ணீரில் தொங்கவிட்டு நிறுங்கள். 2.00 காரட் குருந்தம் தண்ணீரில் 0.50 காரட் குறையும். டோபாஸ் ஏறக்குறைய 0.57 குறையும். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு தப்பிவிடும், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விடுங்கள்.

குருந்தமாகவே இருந்தாலும் நிறம் அதனுடையதா என்பது அடுத்த கேள்வி. சாதாரணமாகச் சூடேற்றிய கல்லை வாங்கலாம், சொல்லி விற்றால் போதும். 2001 வாக்கில் தாய்லாந்திலிருந்து பரவிய, பெரிலியம் என்ற உலோகத்தால் நிறமேற்றும் முறை வேறு. மிகுந்த சூட்டில் பெரிலியம் கல்லுக்குள் இறங்கி, வெளிறிய கல்லையும் மஞ்சளாக்கிவிடும். நிறம் போகாது, ஆனால் மதிப்பு மிகவும் குறைவு. இதை லென்ஸால் உறுதிப்படுத்த முடியாது. பெரிலியத்துக்கென்று தனியாகச் சோதித்த அறிக்கை வேண்டும். கதிர்வீச்சால் மஞ்சளாக்கிய கல்லோ வெயிலில் வெளுத்துவிடும். திருப்பி எடுத்துக்கொள்வதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, சில நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

பழைய நீலக்கல் மோதிரம் சிறியதாகிவிட்டது. கல்லோடு சேர்த்துச் சூடுகாட்டிப் பெரிதாக்கலாமா?
– வாசகி, பெகு

வேண்டாம் அம்மா. பற்றவைக்கும்போது போடுகிற வெங்காரம் சூட்டில் கல்லின் மேற்பரப்பை அரித்துவிடும். மறுபடி பட்டை தீட்டினால்தான் பளபளப்பு வரும், எடையும் குறையும். கோபால்ட் கலந்த கண்ணாடியை வெடிப்பில் நிரப்பிய நீலமாக இருந்தால் கண்ணாடியே உருகி வெளியே வரும், அமிலத்தில் போட்டாலும் கெடும். கல்லைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கும்படி ஆசாரியிடம் சொல்லுங்கள்.