ஐம்பதாவது பிறந்தநாள்: முதலில் ஓட்டம், பிறகு பூங்கா

கேள்வி: இன்னும் ஒன்றரை ஆண்டில், ஒரு ஜனவரி மாதத்தில், எனக்கு ஐம்பது வயது நிறைகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போய், அங்கே ஜனவரியில் நடக்கும் நெட்டோட்டத்திலும் (மாரத்தான்) கலந்துகொள்ள ஆசை. இதுவரை 10 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறேன். 1 மணி 20 நிமிடம் ஆகும். சனிக்கிழமை அரை நெட்டோட்டம், ஞாயிற்றுக்கிழமை முழு நெட்டோட்டம் என இரண்டையும் ஓடினால் மூன்று பதக்கங்கள் கிடைக்கும், துணிந்து இறங்கு என்கிறார் தோழி. கணவர், அப்போது உயர்நிலை இரண்டில் இருக்கும் மகள், தொடக்கநிலை நான்கில் இருக்கும் மகன், இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் 74 வயது மாமியார் எல்லாரும் வருவார்கள். பூங்காக்களைப் பார்த்துவிட்டு ஓடுவதா, ஓடிவிட்டுப் பார்ப்பதா? இதைவிட எளிதான இடம் ஏதும் உண்டா?
– செங்காங் வாசகி

பதில்: ஓடிவிட்டுப் பாருங்கள். மற்ற எதில் நீங்கள் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் இதில் கேளுங்கள். டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோவில் நான் முதன்முதலாக ஓடியபோது, ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள்களும் பூங்காவில் சுற்றினேன். நாளொன்றுக்கு 25,000 காலடிக்கு மேல் நடந்ததாகக் கைக்கடிகாரம் காட்டியது. வெயிலில் வரிசையில் நின்ற நேரம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. பதினாறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. மீதியை நொண்டி நடந்து முடித்தேன். மாதக்கணக்கில் பிழைபடாமல் பயிற்சி செய்திருந்தேன். இரண்டு நாள் அலைச்சல் அதைக் குலைத்துப் போட்டது. நிற்பதும் நகர்வதுமாக இருக்கும் பூங்கா நடை கால்களை மிகவும் களைக்கவைக்கும்.

தோழி சொல்வது 'கூஃபி சவால்'. சனியும் ஞாயிறும் சேர்த்து 63 கிலோமீட்டருக்கு மேல். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு ஓட்டங்களையும் ஓடும் 'டோப்பி சவால்' 78 கிலோமீட்டர். பல நெட்டோட்டங்களை ஓடிப் பழகிய உடம்புக்கு உரியவை இவை. 10 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவலில் அங்கே போகவேண்டாம். உங்களுக்குச் சனிக்கிழமை அரை நெட்டோட்டம் போதும். டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்கா அருகே தொடங்கி, இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டம் போய், சிண்டரெல்லா கோட்டை வழியாகப் புகுந்து, எப்காட்டுக்கே திரும்பும் பாதை. நீங்கள் எதைக் கனவு கண்டீர்களோ அது அந்த 21.1 கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடுகிறது. பதக்கத்தில் டோனால்டு டக் இருப்பார்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மைலுக்கு 16 நிமிடம் வரைதான் அனுமதி. கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய 10 நிமிடம். அப்படி ஓடினால் அரை நெட்டோட்டம் 3 மணி 30 நிமிடம் எடுக்கும். உங்கள் இப்போதைய வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். நீண்ட தூரத்தில் அது எட்டரையாகத் தளர்ந்தாலும் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். மிஞ்சும் அரைமணி நேரம் மிக்கி மௌஸுடன் படம் எடுத்துக்கொள்ள. அந்த வரிசைகள் நீளமானவை. இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து மட்டும் நில்லுங்கள். முந்தைய ஓட்ட நேரத்துக்குச் சான்று கொடுக்காதவர்களைக் கடைசிப் பிரிவுகளில் நிறுத்துவார்கள். அங்கிருந்து புறப்பட்டால், பின்தங்கியவர்களைப் பேருந்தில் ஏற்றும் குழு முதுகுக்குப் பின்னாலேயே வரும். ஆகவே இங்கே சிங்கப்பூரில் நேரம் பதிவாகும் ஓட்டம் ஒன்றை முன்பே முடித்துவைப்பது நல்லது.

இனி நேர வேறுபாடு. நம்மவர்கள் பலரும் இதைப் பயணக் களைப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஜனவரியில் ஆர்லாண்டோ நமக்கு 13 மணி நேரம் பின்னால். ஓட்டம் தொடங்குவது காலை 5 மணிக்கு. அது சிங்கப்பூரில் மாலை 6 மணி. புதிதாகப் போய் இறங்கிய உடலுக்கு அது கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மாலை ஓட்டம் ஓடுவது போன்ற நேரம். அதிகாலை இரண்டரைக்கு எழுவது அமெரிக்கர்களுக்குக் கொடுமை, உங்களுக்கு அது பிற்பகல் மூன்றரை. சிக்கல் தூங்குவதில்தான். இரவு எட்டு மணிக்குப் படுத்தால் உடல் அதைக் காலை ஒன்பது என்று எண்ணிக்கொண்டு விழித்துக் கிடக்கும். அதனால் ஓட்டத்துக்கு முந்தைய இரவுத் தூக்கத்தை நம்பாதீர்கள். அதற்கு முந்தைய மூன்று நான்கு இரவுகளில் தூக்கத்தைச் சேர்த்து வையுங்கள். சனிக்கிழமை ஓட்டத்துக்குத் திங்கட்கிழமையே போய் இறங்கிவிடவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். சிங்கப்பூரிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசலுக்கு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிவிடும்.

செவ்வாய் அன்று மளிகை வாங்குவதும் இருபது நிமிட மெல்லோட்டமும் போதும். புதன்கிழமை ஓட்ட எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்களே நேரில் போகவேண்டும், கணவர் உங்களுக்காக வாங்க முடியாது. வியாழன் காலை 5 கிலோமீட்டர் ஓட்டம். ஐந்து வயதானால் போதும் என்பதால் பிள்ளைகள் இருவரும் உங்களோடு வரலாம். இந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பும் பகுதி இதுதான். நேரம் பதிவாகாத ஓட்டம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே ஓடலாம். வெள்ளி முழு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை முழு நெட்டோட்டத்துக்காகப் பல சாலைகள் அடைபட்டிருக்கும். அன்று நீச்சல்குளத்தில் கால் நனைத்துக் கிடங்கள். திங்கள் முதல் நாளுக்கு ஒரு பூங்காவாக நான்கு பூங்காக்கள். எந்தப் பூங்காவிலும் வரவேற்பு முகப்பில் 'பிறந்தநாள்' வில்லை இலவசமாகத் தருவார்கள். அதை அணிந்திருந்தால் ஊழியர்கள் நாள் முழுக்க வாழ்த்துவார்கள்.

டிஸ்னியின் சொந்த விடுதியில் தங்குவதா, வெளியே மலிவாகத் தங்குவதா என்று கணவர் கேட்பார். ஓட்ட நாள்களுக்கு மட்டுமாவது சொந்த விடுதியில் தங்குங்கள். அங்கிருந்து ஓட்டத் திடலுக்குப் பேருந்து விடுவார்கள். அதிகாலை மூன்று மணிக்கு முன்பின் தெரியாத சாலையில் வாடகைக் கார் ஓட்டுவதிலிருந்து தப்பிக்கலாம். ஓட்டப் பதிவுக் கட்டணத்தில் பூங்கா டிக்கெட் அடங்காது என்பதையும் வரவுசெலவில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு வழக்கமாக முந்தைய ஆண்டின் மார்ச், ஏப்ரல் வாக்கில் இணையத்தில் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டிய பணம் திரும்பாது, இடத்தை வேறொருவருக்கு மாற்றவும் முடியாது. ஆகவே பணம் கட்டும் முன் அடுத்த இரண்டு பத்திகளையும் படித்துவிடுங்கள்.

டிஸ்னி நெட்டோட்டம் ஜனவரியின் முதல் அல்லது இரண்டாம் வார இறுதியில் வருகிறது. நம் பள்ளிகள் ஜனவரித் தொடக்கத்திலேயே திறந்துவிடுகின்றன. நான் மேலே சொன்ன திட்டத்தின்படி போனால் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு வாரம் பள்ளியை விடவேண்டும். அதுவும் புதிய வகுப்பு, புதிய ஆசிரியர், புதிய நண்பர்கள் அமையும் வாரங்கள். பள்ளி அனுமதித்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாமியாருக்கோ அமெரிக்க விசா வேண்டும். அதற்கான நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு எஸ்டா மின்அனுமதி போதும். அத்தோடு 74 வயதில் ஒரு நாளுக்கும் மேலான பயணம், ஜனவரி 14, 15 வாக்கில் வரும் பொங்கல். வீட்டுப் பெரியவர் பொங்கல் அன்று வானூர்தி நிலையத்தில் உட்கார்ந்திருப்பதை நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

எளிதான இடம் கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட். 1979 முதல் அங்கே நெட்டோட்டம் நடக்கிறது. கடலோரத்தை ஒட்டிய தட்டையான பாதை. ஜூலை மாதத்து முதல் ஞாயிறு முழு ஓட்டம், முதல் நாள் சனிக்கிழமை அரை நெட்டோட்டம். நம் இளையர் தினமும் ஜூலை முதல் ஞாயிறுதான். மறுநாள் திங்கள் பள்ளி விடுமுறை! பிள்ளைகளுக்கு வெள்ளியும் செவ்வாயும் மட்டுமே போகும். பிரிஸ்பேனுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ எட்டு மணி நேரம். அங்கிருந்து ரயிலில் ஹெலன்ஸ்வேல் போய், டிராம் பிடித்தால் ஓட்டம் நடக்கும் சௌத்போர்ட். நேர வேறுபாடு இரண்டே மணி. சிறுவர்களுக்கு 2, 4 கிலோமீட்டர் ஓட்டங்கள் தனியே உண்டு. சீ வேர்ல்டு ஓட்டத் திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூவி வேர்ல்டும் டிரீம்வேர்ல்டும் காரில் அரைமணித் தொலைவுக்குள். அது குவீன்ஸ்லாந்துப் பள்ளிகளின் விடுமுறைக் காலம் என்பதால் பூங்காக்களில் கூட்டம் இருக்கும். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மாமியாருக்கு இதற்கும் விசா வேண்டும், ஆனால் நேர்காணல் இல்லாமல் இணையவழி விண்ணப்பிக்கலாம். சிண்டரெல்லா கோட்டை அங்கே இல்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உங்கள் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட முடியும். பிறந்தநாள் ஜனவரியில் வீட்டில், ஓட்டம் அதே ஆண்டு ஜூலையில். நானாக இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கோட்டை இல்லாமல் மனம் ஆறாது என்றால், கணவரும் நீங்களும் மட்டும் ஜனவரியில் ஃபுளோரிடா போய்வாருங்கள்; அதில் குற்றவுணர்வு கொள்ள எதுவும் இல்லை.

எங்கே போனாலும் பயிற்சி ஒன்றுதான். இருபது வாரம் ஒதுக்குங்கள். வாரம் மூன்று ஓட்டம், அவற்றில் ஒன்று நீளமானது. அந்த நீண்ட ஓட்டத்தை 8 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்கி, ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு 18 கிலோமீட்டர் வரை கொண்டுபோகலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய ஓட்ட-நடை முறையைத் தயங்காமல் கையாளுங்கள்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, முதல் நிமிடத்திலிருந்தே. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமலிருக்க நடப்பது வேறு. உங்களுக்குப் பொங்கோல் நீர்வழிப் பூங்காவும் அதை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதைகளும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஃபுளோரிடா போவதானால் வாரம் ஒருமுறை மேம்பாலச் சரிவிலும் ஏறி ஓடுங்கள். தட்டையான ஊர் என்று பெயர், ஆனால் பாதையில் நெடுஞ்சாலை ஏற்றங்கள் வரும். ஜனவரி ஓட்டத்துக்கான பயிற்சி தீபாவளியைக் கடந்து, வடகிழக்குப் பருவமழைக்குள் போகும். இடி மின்னல் உள்ள காலையில் வெளியே ஓடவேண்டாம். அன்று ஓட்டப்பொறி (டிரெட்மில்) போதும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பழகியவர்களுக்குக் குளிர்ந்த காற்று ஒரு பொறி. முதல் ஐந்து கிலோமீட்டர் சிறகு முளைத்தது போலிருக்கும். வேகம் தானாகவே கூடும். கடிகாரத்தைப் பார்த்து அடக்கிக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவில் ஜனவரி விடியல் 20 டிகிரியாகவும் இருக்கலாம், 5 டிகிரியாகவும் இருக்கலாம். அந்தக் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்த வெளியில் நின்றுகொண்டிருக்கவேண்டும். பழைய கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துச் சென்று, புறப்படும்போது கழற்றிப் போட்டுவிடுங்கள். காலை மூன்று மணி உணவை இங்கேயே ஒத்திகை பாருங்கள். எனக்கு ரவை உப்புமாவும் ஒரு வாழைப்பழமும் ஒத்துக்கொண்டன; உங்கள் வயிறு எதை ஏற்கும் என்பது நீண்ட ஓட்டக் காலைகளில் தெரிந்துவிடும்.

ஐம்பதை நெருங்கும் பெண்களுக்குத் தசையும் எலும்பும் வேகமாக வலுவிழக்கும் பருவம் இது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் தூக்கமும் கெடும். வாரம் இருமுறை அரைமணி நேரம் எடைப்பயிற்சி செய்யுங்கள். அதற்காக ஓர் ஓட்டத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுவாங்கல் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிடவேண்டும்.

குடும்ப மருத்துவரோடு இணைக்கும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்திருப்பீர்கள். உங்கள் குடும்ப மருத்துவரிடம் இந்த மாதமே போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்து, அரை நெட்டோட்டம் ஓடப்போவதாகச் சொல்லுங்கள். அவர் சரி என்றால், வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பொங்கோல் நீர்வழியில், இரண்டு நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக 8 கிலோமீட்டர். மகளையும் மகனையும் சைக்கிளில் கூட வரச் சொல்லுங்கள்.