பழைய திரிகளை மட்டுறுத்துநர் எப்போது பூட்ட வேண்டும்?

"எங்கள் இணைய மன்றத்தில் ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய திரிகளை யாராவது திடீரென்று மேலே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் பதில் வராத திரி தானாகவே பூட்டிக்கொள்ளும்படி வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். நான் அப்படிப் பூட்டியவன். அதனால் ஒருவருடைய ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோனது. அதனால்தான் மற்ற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். (மன்றங்கள் பக்கம் வராதவர்களுக்கு: ஒரு கேள்வியும் அதன் கீழே வரும் பதில்களும் சேர்ந்தது ஒரு திரி. மன்றத்தை ஒழுங்குபடுத்துகிறவர் மட்டுறுத்துநர். அவர் பூட்டிய திரியைப் படிக்கலாம், பதில் எழுத முடியாது.)

நீங்கள் மட்டுறுத்துநராகி அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். முதல் சில மாதங்களில் எல்லோருக்கும் இந்த எண்ணம் வரும். 2014-இல் ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு ஒரு புது உறுப்பினர் பதில் எழுதுகிறார். கடைசிப் பதிலின் நேரத்தை வைத்துத்தான் மன்ற மென்பொருள் திரிகளை அடுக்குகிறது என்பதால் அது முதல் பக்கத்தின் உச்சிக்கு வந்து நிற்கிறது. தேதியைப் பார்க்காமல் நாலு பேர் உள்ளே வந்து 2014-இல் கேட்டவருக்கு ஆலோசனை சொல்கிறார்கள். ஐந்தாவது ஆள் "தேதியைப் பார்த்து எழுதுங்கப்பா" என்று எரிந்து விழுகிறார். புது உறுப்பினர் மனம் நொந்து போய்விடுகிறார். இரண்டு பக்கத்துப் புகாரும் உங்களிடம்தான் வருகிறது. பூட்டிவிட்டால் நிம்மதி என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது.

பழைய ரேடியோ, டேப் டெக், ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்பவர்களுக்கான மன்றம் ஒன்றில் ஏழு வருடம் மட்டுறுத்துநராக இருந்தேன். சம்பளம் கிடையாது, மொத்தம் நாலு பேர். பழைய திரிக்கு மறுபடி பதில் எழுதுவதை அங்கே 'திரியைத் தூண்டுவது' என்போம். அதை ஒரு குற்றம் மாதிரிதான் பார்த்தோம். ஆறு மாதத்துக்கு மேல் ஆன திரியை யாராவது தூண்டினால் உடனே பூட்டு. புதுத் திரி தொடங்கச் சொல்லி ஒரு வரி. இந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். உறுப்பினர்கள் பாராட்டினார்கள். முதல் பக்கம் சுத்தமாக இருந்தது.

அதில் ஒரு திரி. ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்தவுடனே பியூஸ் போய்விடுகிறது, என்ன காரணம் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏழெட்டுப் பதில்கள் வந்து, கேட்டவர் திரும்பி வராமலே நின்றுபோன திரி. நாலு வருடம் கழித்து ஒருவர் வந்து இப்படி எழுதினார்: "எனக்கும் இதே பிரச்சினைதான். 500 மில்லி ஆம்பியருக்குப் பதிலாக 2 ஆம்பியர் பியூஸ் போட்டேன், அதற்குப் பிறகு போகவே இல்லை. எல்லோரும் இதையே செய்யுங்கள்."

இந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயிறு கலங்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரான்ஸ்பார்மர் உள்ள கருவியை ஆன் செய்யும் அந்த ஒரு கணத்தில் மின்சாரம் பாய்ச்சலாக வரும். அதைத் தாங்குவதற்காகவே மெதுவாக உருகும் வகைப் பியூஸைப் போடச் சொல்லியிருப்பார்கள்; அதன் மூடியில் 'T' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வேகமாக உருகும் வகையை மாற்றிப் போட்டிருந்தால் பழுதே இல்லாமலும் பியூஸ் போகும். சரியான வகையைப் போட்ட பிறகும் போனால், உள்ளே ரெக்டிஃபையர் டயோடோ ஃபில்டர் கெப்பாசிட்டரோ அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்த நிலையில் நாலு மடங்கு பெரிய பியூஸைப் போட்டால், போகவேண்டிய பியூஸ் போகாமல் டிரான்ஸ்பார்மர் காயில் சூடாகி எரியும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் சீரிஸ் பல்பு, அதாவது கருவிக்கு வரும் மின்வழியில் தொடராக ஒரு குண்டு பல்பு, போட்டுப் பார்க்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். கொஞ்சம் எரிந்து மங்கினால் பெரும்பாலும் பயமில்லை.

அந்தப் பதில் வந்த அரை மணி நேரத்தில் நான் திரியைப் பூட்டினேன். பதிலைப் படிக்கவில்லை. நாலு வருடப் பழைய திரி, தூண்டப்பட்டிருக்கிறது, பூட்டு. அவ்வளவுதான் பார்த்தேன்.

மன்றத்தில் இருந்த மூத்த மெக்கானிக் ஒருவர் அன்றிரவே எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார். "தம்பி, அந்தத் திரியைக் கொஞ்சம் திறங்க, ஒரு பதில் போடணும்." நான் விதியைச் சொன்னேன். "புதுத் திரி தொடங்குங்கண்ணே." அவரும் தொடங்கினார். பியூஸைப் பற்றி அருமையாக எழுதியிருந்தார். பத்துப் பேர் நன்றி சொன்னார்கள், திரி இரண்டாம் பக்கத்துக்குப் போனது. ஆனால் 'ஆன் செய்ததும் பியூஸ் போகிறது' என்று தேடுகிறவர்களுக்குத் தேடுபொறி காட்டியது பழைய திரியைத்தான். மற்ற தளங்களிலிருந்து இணைப்புகள் அதற்குத்தான் வந்திருந்தன. கடைசியில் 2 ஆம்பியர் பதில், அதற்குக் கீழே என் பூட்டு. மூன்று வருடம் அப்படியே நின்றது.

பிறகு ஒரு நாள் எனக்கு ஒரு தனிச்செய்தி வந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். "அந்தத் திரியில் கடைசியாகச் சொன்னதைத்தான் செய்தேன். பத்து நிமிடத்தில் புகை வந்தது, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. அந்தப் பதிலுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, மட்டுறுத்துநரும் அதோடு முடித்து வைத்திருந்தார். அதனால் அதுதான் சரியான விடை என்று எடுத்துக்கொண்டேன்."

'முடித்து வைத்திருந்தார்' என்ற அந்தச் சொல்லைப் பல தடவை படித்தேன். திரி பழையதாகிவிட்டது என்று சொல்வதற்காக நான் போட்ட பூட்டை, விடை கிடைத்துவிட்டது என்று அவர் படித்திருக்கிறார். வெளியிலிருந்து வருகிறவருக்கு வேறு எப்படித் தெரியும்? மறுப்பு இல்லாததற்குக் காரணமே மறுக்க வந்தவரை நான் திருப்பி அனுப்பியதுதான்.

'பூட்டாவிட்டாலும் அவர் அந்தப் பதிலைப் படித்துச் செய்திருப்பார், இதில் பூட்டின் தப்பு என்ன' என்று யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். செய்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிலுக்குக் கீழே ஒரு மூத்த மெக்கானிக்கின் எச்சரிக்கை இருந்திருக்கும். படித்தும் செய்திருந்தால் அது அவர் முடிவு.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: திரியின் வயதைப் பார்த்துப் பூட்டாதீர்கள். அதில் கேட்ட கேள்வி இன்னும் யாருக்காவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 'இந்த வாரச் சந்திப்பு எத்தனை மணிக்கு', 'தளம் இன்றைக்கு ஏன் திறக்கவில்லை' போன்றவை அன்றோடு முடிந்த விஷயங்கள். இரண்டு நாளில்கூடப் பூட்டலாம், யாருக்கும் நஷ்டமில்லை. விற்பனை அறிவிப்பில் பொருள் விற்றுவிட்டால் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் 'இன்னும் இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் பியூஸ் ஏன் போகிறது என்ற கேள்வி, அந்தக் கருவி உலகத்தில் ஒன்று மிச்சமிருக்கும்வரை தீராது. அதைப் பூட்ட எந்த நியாயமும் இல்லை.

சண்டை விஷயம் வேறு. பேச்சு பொருளை விட்டு ஆட்கள் மேல் திரும்பிவிட்டால், நேற்றுத் தொடங்கிய திரியாக இருந்தாலும் பூட்டுங்கள். ஆனால் இத்தனை மணி நேரம் கழித்துத் திறப்பேன் என்று எழுதிவிட்டுப் பூட்டுங்கள், சொன்னபடி திறந்தும் விடுங்கள். எங்கள் மன்றத்தில் ஒரு நாள் பூட்டினாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

தப்பான, ஆபத்தான தகவல் உள்ள திரிதான் எல்லோரும் குழம்பும் இடம். பூட்டினால் ஆபத்து நின்றுவிடும் என்று நினைக்கிறோம். பூட்டிய திரியும் எல்லோரும் படிக்கும்படிதானே இருக்கிறது? நிற்பது திருத்தம் மட்டும்தான். முதலில் அந்தப் பதிலின் தலையிலேயே எச்சரிக்கை எழுதுங்கள், சரியான தகவலுக்கு இணைப்புக் கொடுங்கள். அதன் பிறகு பூட்டுவதா வேண்டாமா என்று யோசியுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு திரி இருந்தால் ஒன்றைப் பூட்டலாம், மற்றதற்கு வழி காட்டிவிட்டு. எந்தக் காரணத்துக்காகப் பூட்டினாலும் ஏன் என்று ஒரு வரி, இதைப் பற்றிப் பேச விரும்புகிறவர் எங்கே போவது என்று இன்னொரு வரி எழுதுங்கள். இரண்டு வரி எழுதக்கூட நேரமில்லை என்றால் பூட்டவும் நேரமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், 60 நாளுக்கு மேல் பழைய கேள்விக்கு யாராவது பதில் எழுதி அது 5 புள்ளி பெற்றால் 'நெக்ரோமேன்சர்' (செத்ததை எழுப்பும் மந்திரவாதி) என்ற பதக்கமே கொடுக்கிறார்கள். நாங்கள் தண்டித்த அதே செயலுக்கு அங்கே பரிசு. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஆறு மாதம் ஆன பதிவுகளில் யாரும் எழுத முடியாது என்ற வழக்கம் வெகுகாலம் இருந்தது. 2021-இல்தான் அதை அந்தந்தக் குழுவே முடிவு செய்துகொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை நீக்குவது பற்றிய விவாதம் வழக்கமாக 7 நாள் நடக்கும். முடித்து வைக்கிறவர் முடிவு இன்னது என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இனிப் பேசுகிறவர்கள் எங்கே பேசலாம் என்றும் அங்கேயே குறிப்பு இருக்கும். அந்தக் கையெழுத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மாறாக, மென்பொருள் நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பல மென்பொருள் திட்டங்கள் ஒரு தானியங்கியை வைத்திருக்கின்றன. ஒரு பிழைப் புகாரில் 60 நாள் யாரும் பேசாவிட்டால் 'பழையது' என்று ஒட்டிவிட்டு இன்னும் 7 நாளில் மூடிவிடுவதுதான் அதன் இயல்பான அமைப்பு. யாரும் பேசவில்லை என்பதற்காக மென்பொருளில் உள்ள பிழை சரியாகிவிடுமா?

ஸ்பேம் வரும் என்பீர்கள். வரும், மறுக்கவில்லை. யாரும் கவனிக்காத பழைய திரியாகப் பார்த்து விளம்பர இணைப்பை ஒட்டிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். வெளி இணைப்புகள் தேடல் வரிசையில் கணக்கில் வராதபடி தடுக்க 2005-லேயே கூகுள் ஒரு குறியீடு கொண்டுவந்தது, அப்படியும் ஓயவில்லை. ஆனால் அதற்குப் பூட்டு மருந்தல்ல. புது உறுப்பினரின் முதல் இரண்டு மூன்று பதில்கள் உங்கள் பார்வைக்கு வந்த பிறகே வெளியாகும்படி வையுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் குப்பை அதிகம் சேரும் கேள்வியைப் 'பாதுகாக்கப்பட்டது' ஆக்கினால், அந்தத் தளத்தில் 10 புள்ளியாவது சம்பாதித்தவர் மட்டுமே பதில் எழுத முடியும். இப்படி ஒரு வேலி போதும்.

கேட்டவரே இப்போது இல்லையே, யாருக்குப் பதில் என்று எங்கள் மன்றத்தில் அடிக்கடி சொல்வார்கள். கேட்டவர் போய்விட்டார், உண்மை. படிக்கிறவர் போகவில்லை. ஒரு திரியை எழுதியவர்கள் எட்டுப் பேர், படித்தவர்கள் பல ஆயிரம் பேர் என்று பார்வை எண்ணிக்கை பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் ஒருபோதும் பார்க்கவில்லை.

அந்தத் தனிச்செய்தி வந்த அன்றே பியூஸ் திரியைத் திறந்தேன். மூத்த மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் எழுதியதையே கொண்டுவந்து போட்டார். பிறகு நான் பூட்டியவற்றை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். சும்மா திறக்கவில்லை, கடைசிப் பதிலைப் படித்துப் பார்த்து, தப்பாக இருந்தால் ஒரு குறிப்பு எழுதிவிட்டுத்தான் திறந்தேன். ஒரு நாளைக்கு இருபது முடியும். பல திரிகளில் படங்களே இல்லை. இலவசமாகப் படம் ஏற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு தளம் திடீரென்று பணம் கேட்க ஆரம்பித்து, கட்டாதவர்கள் படத்தையெல்லாம் மறைத்துவிட்டது. 'படத்தில் சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் சால்டர் செய்யவும்' என்று எழுதியிருக்கும், மேலே வெறும் சாம்பல் கட்டம். பத்து வருடம் ஆட்கள் கைப்பட எடுத்துப் போட்ட படங்கள். அதைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் உங்கள் மன்றத்தில் படங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

நான் அறுநூறைத் தாண்டியிருந்தபோது, மன்றத்தின் உரிமையாளர் சர்வர் செலவு கட்டுப்படியாகவில்லை என்று எல்லோரையும் ஒரு அரட்டைக் குழுவுக்கு மாறச் சொல்லிவிட்டார். அவர் கையிலிருந்து எவ்வளவு போட்டார் என்று தெரியும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தளத்தை ஒருவர் அப்படியே நகலெடுத்து, படிக்க மட்டும் முடிகிற மாதிரி வேறிடத்தில் வைத்திருக்கிறார். பியூஸ் திரி அதில் திறந்த நிலையில், மெக்கானிக் அண்ணனின் பதிலோடு இருக்கிறது. நான் போய்ச் சேராத நானூற்றுச் சொச்சம் திரிகளும் இருக்கின்றன, பூட்டியபடியே. அவற்றின் கடைசிப் பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் இன்னும் படிக்கவில்லை.