பாராட்டு மாதிரி வர்ற நக்கல்

தம்பி, எடைக் கணக்குல ஒரு பூஜ்யம் விட்டுப் போனதுக்கு ஆலை மேனேஜர் ‘கிரேட் ஜாப்’னு சொன்னார், நான் தேங்க்யூ சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, அது பாராட்டா திட்டான்னு கேட்டிருக்கீங்க. திட்டுதான். ஆனா அதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

சொல்லை விடுங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு பாருங்க. தப்பு நடந்த கையோட புகழ்ச்சி வந்தா அது நக்கல். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சதும் அம்மா ‘ரொம்ப நல்லாருக்கு’ன்னு சொன்னா நமக்குப் புரியலையா? அதே காதோட இங்கேயும் கேளுங்க.

‘யா, ரைட்’னு இழுத்துச் சொன்னா ‘நம்பிட்டேன் போ’. ‘பிக் டீல்’னா ‘இது என்ன பிரமாதம்’. தெரிஞ்ச விஷயத்தையே நீங்க சொல்லும்போது ‘தேங்க்ஸ், ஷெர்லாக்’னு வந்தா, 1887-ல் அச்சுக்கு வந்த ஷெர்லாக் ஹோம்ஸ்ங்கற துப்பறிவாளர் பேரை வெச்சு ‘பெரிய கண்டுபிடிப்புதான்’னு குத்தறாங்க.

‘டெல் மீ அபவுட் இட்’லதான் புதுசா வர்றவங்க ரொம்பத் தடுமாறறாங்க. அது கேள்வியே இல்ல. மழையில செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, லாரி வரலைன்னு நீங்க புலம்பும்போது ஆபீஸ் குமாஸ்தா, அதான் நம்ம கிராணி, அப்படிச் சொன்னா, ‘எனக்குத் தெரியாதா, நானும் அதே அவஸ்தைதான் படறேன்’னு அர்த்தம். உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீங்க, அவர் உங்க பக்கம்தான்.

இதெல்லாம் எங்கேயும் கேக்கற இங்கிலீஷ். மலேசியாவுல, நம்ம சுங்கை சிப்புட்ல பேசறது இன்னொரு ரகம். ‘டெரர் லா’ன்னா கெட்டிக்காரன். ‘ஆக்‌ஷன்’னா பந்தா காட்டறது. மலாய்ல இருந்து வந்த ‘பெராசான்’, தன்னைப் பத்தித் தானே பெருமையா நெனச்சுக்கறவனுக்கு. பசியாறப் போற இடத்துல கூட்டாளிங்க இப்படிச் சொன்னா உரிமையில சொல்றாங்க. பேச்சுக் கடைசியில ஒட்டிக்கிற அந்த ‘லா’ வந்துட்டாலே பெரும்பாலும் காரம் கொறைஞ்சிடும். தாராளமா கூடச் சிரிங்க.

மேனேஜர்கிட்ட மட்டும் பதிலுக்கு நக்கல் வேண்டாம். ‘சாரி, இப்பவே சரி பண்ணிடறேன்’னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க, அங்கேயே அது முடிஞ்சிடும். வாட்ஸ்அப்ல வந்தா தொனி தெரியாது, நேர்ல போய்க் கேட்டுடுங்க.

ஒண்ணு மட்டும் வேற. உங்க நிறத்தையோ, ஊரையோ, சாதியையோ, பேச்சையோ தொட்டு யாராவது திரும்பத் திரும்பச் சொன்னா அதை நக்கல்னு விட்டுடாதீங்க. அது அவமானப்படுத்தறது. என்ன சொன்னாங்க, எப்போ, யார் கூட இருந்தாங்கன்னு எழுதி வெச்சு மேலதிகாரிகிட்ட கொண்டு போங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா சொல்லுங்க, நான் கூட வரேன்.